முடியக்காவுக்கு ஒரு முன்னறை

பெரிய ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு சந்து. அதில் ஒரு விக் கடை. பலகை சின்னது, கண்ணாடிக்கு உள்பக்கம் எப்போதும் திரை. தேடி வருகிறவர்களுக்குத் தெரிந்தால் போதும் என்று கடைக்கார அம்மா அப்படி வைத்திருந்தார். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அந்தக் கடையில் வேலை பார்த்தவள்தான் முடியக்கா.

பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அவளிடம் விக் செய்துகொண்ட ஒரு பெண் போனில் அவள் எண்ணை 'முடியக்கா' என்று போட்டு வைத்திருந்தாள். அந்த எண் கைமாறிக் கைமாறிப் பலரிடம் போனபோது பெயரும் கூடவே போய் ஒட்டிக்கொண்டது. "எதுக்குமே முடியாதுன்னு சொல்லத் தெரியாதவளுக்கு இந்தப் பேரு பொருத்தம்தான்" என்று அவள் கணவர் கிண்டல் செய்வார். அவர் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். காலேஜ் பிள்ளைகள் முதல் வாத்தியார்கள் வரை எல்லோரிடமும் பகல் முழுக்க "பிரேக், பிரேக்" என்று கத்திவிட்டு வருவதால் வீட்டில் மெதுவாகத்தான் பேசுவார்.

அவள் வேலை பொறுமை கேட்கிற வேலை. தலையின் அளவை எடுத்து, அதற்கேற்ற வலைத் தொப்பியை ஒரு மரத் தலையில் மாட்டி, கொக்கி ஊசியால் ஒவ்வொரு முடியாக இழுத்து முடிச்சுப் போட வேண்டும். நெற்றி ஓரத்தில் நெருக்கிப் போட்டால் பார்த்ததும் விக் என்று தெரிந்துவிடும். அங்கே இடம் விட்டுவிட்டு, கோணல்மாணலாக, இயற்கை எப்படி அலட்சியமாக முளைக்க விடுமோ அப்படிப் போட வேண்டும். அந்த அலட்சியத்தை வரவழைக்கத்தான் அவளுக்குப் பல வருஷம் பிடித்தது.

கடைக்கார அம்மாவுக்கு வயதாகிவிட்டது. மகனோடு போய் இருக்கப் போவதாகச் சொல்லி ஒருநாள் கடையை மூடினார். போகும்போது மரத் தலைகள், கிளாம்புகள், ஊசிகள், நிறம் பார்க்கிற முடிக்கொத்துகள் எல்லாவற்றையும் முடியக்காவிடமே கொடுத்தார். "உன்னைத் தேடித்தான் வருவாங்க. வீட்டுலயே வெச்சுப் பண்ணு" என்றார்.

சொல்வதற்கு எளிதாக இருந்தது.

அவர்கள் வீடு அகலம் குறைந்து நீளமாகப் போகிற வீடு. தெருவை ஒட்டி முன்னறை, அதன் ஓரமாக ஹாலுக்குப் போகிற வாசல் நடை, அடுத்து ஹால், பிறகு இரண்டு படுக்கையறைகள், சமையலறை, கடைசியில் சாமான் போடுகிற ஒரு சின்ன அறை, அதை ஒட்டிக் குளியலறை. ஒரு படுக்கையறை கணவனுக்கும் மனைவிக்கும். இன்னொன்று பள்ளிக்கூடம் போகிற மகளுக்கு. முன்னறை பெரியப்பாவுக்கு.

பெரியப்பா என்றால் மகளுக்குப் பெரியப்பா, கணவரின் அண்ணன். கல்யாணம் செய்துகொள்ளாதவர். தபால் பிரிக்கும் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அப்பா இல்லாத குடும்பத்தில் தம்பியைப் படிக்க வைத்து ஆளாக்கியவர். அவர் வேலையிலிருந்து நின்று இங்கே வந்து சேர்ந்தபோது, வீட்டிலேயே பெரியதும் காற்றோட்டமானதுமான அறையைத் தம்பியும் தம்பி மனைவியும் அவருக்கு ஒழித்துக் கொடுத்தார்கள். சுவருக்கு வெள்ளையடித்து, புதுக் கட்டில் வாங்கிப் போட்டு, "இதுதான் உங்க ரூம்" என்றார்கள். அவரும் தலையாட்டினார். அதற்குப் பிறகு அந்த அறையைப் பற்றி யாரும் பேசியதில்லை.

அதனால் முடியக்கா சாப்பாட்டு மேசையில் கடை போட்டாள். மேசை விளிம்பில் கிளாம்பை முறுக்கி மரத் தலையைப் பொருத்தினாள். மற்ற தலைகளை ஃப்ரிட்ஜின் மேல் வரிசையாக அடுக்கினாள். முதல் நாள் விடிகாலையில் தண்ணீர் குடிக்கப் போன கணவர் திரும்பி வந்து, "அஞ்சாறு பேரு வந்து உக்காந்திருக்காங்க, டீ போடட்டுமா?" என்றார். சிரித்தார்கள். ஆனால் சோற்றில் முடி வர ஆரம்பித்ததும் சிரிப்பு குறைந்தது. அதுவும் நீளமான, செம்பட்டை நிற முடி. "இது நம்ம வீட்டு முடியே இல்லம்மா" என்று மகள் தட்டைத் தள்ளி வைத்தாள்.

அதையெல்லாம் சமாளித்துவிடலாம். சமாளிக்க முடியாதது வேறு.

அவளைத் தேடி வருகிறவர்களில் பாதிப்பேர் ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறவர்கள். மருந்தில் முடி கொட்டி, தலையில் துணி கட்டிக்கொண்டு வருவார்கள். வருவதற்கே மனசைத் திடப்படுத்திக்கொண்டுதான் கிளம்பியிருப்பார்கள். அப்படி ஒரு பேங்க் அம்மா, முன்கூட்டியே போன் செய்து நேரம் கேட்டுக்கொண்டு வந்தார். அன்றைக்கென்று பார்த்து ஹாலில் மகளும் அவள் சிநேகிதிகளும் பாட்டுப் போட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். பெரியப்பா நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கதவைத் திறந்ததும் அத்தனை முகமும் திரும்பிப் பார்த்தன.

பேங்க் அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். "மன்னிச்சுக்கங்க, வீடு மாறி வந்துட்டேன்" என்றார்.

முடியக்கா செருப்பைக்கூடப் போடாமல் தெருமுனை வரை ஓடினாள். அதற்குள் ஆட்டோ போய்விட்டது. போன் செய்தாள். எடுக்கவில்லை. அப்புறமும் எடுக்கவில்லை. வேறு எங்கோ வாங்கிக்கொண்டார் என்று பின்னால் யாரோ சொன்னார்கள். அன்றைக்கு முடியக்காவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர் இடத்தில் இருந்திருந்தால் அவளும் அதைத்தான் செய்திருப்பாள்.

அடுத்து படுக்கையறையை முயன்று பார்த்தாள். பெண்களை மட்டும் உள்ளே அழைத்துப் போனாள். ஆனால் அவர்கள் ஹாலைத் தாண்டி, கொடியில் காயும் துணிகளைத் தாண்டி, கட்டில் ஓரம் உட்கார வேண்டியிருந்தது. ஒருமுறை கணவர் குளித்துவிட்டு இடுப்பில் துண்டோடு நேராக உள்ளே வந்து, வந்த வேகத்திலேயே ரிவர்ஸ் எடுத்தார். ஆண்களை அங்கே அழைக்கவே முடியாது. அதனால் ஹாலின் ஒரு மூலையில் கம்பி கட்டித் திரை போட்டாள். கல்யாணம் நிச்சயமாகியிருந்த ஒரு மாப்பிள்ளை, போட்டிருந்த பழைய விக்கைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, திரைக்குப் பின்னால் அளவு கொடுக்க உட்கார்ந்திருந்தபோது, மின்விசிறிக் காற்றில் திரை அப்படியே மேலே ஏறியது.

"அம்மா! அங்கிளோட முடி கையோட வந்துடுச்சு!" என்று மகள் கத்தினாள்.

மாப்பிள்ளை நல்லவர். "பாப்பா, பொண்ணு வீட்டுல மட்டும் சொல்லிடாத" என்றார். அவர் சிரித்தாலும் முடியக்காவுக்கு முகம் வெந்துபோனது. இதற்கு நடுவில் கழுத்து வேறு பிடித்துக்கொண்டது. சாப்பாட்டு நாற்காலியில் தலையணை வைத்து, அதன்மேல் இன்னொரு தலையணை வைத்துக் குனிந்தே முடிச்சுப் போட்டதில், இடதுபக்கம் திரும்ப வேண்டுமென்றால் முழு ஆளாகத் திரும்ப வேண்டியிருந்தது.

"முன்னறை மட்டும் கிடைச்சா..." என்று ஒருநாள் கணவரிடம் ஆரம்பித்தாள்.

அவர் கையை உயர்த்தினார். "அத மட்டும் பேசாத. அண்ணன்கிட்ட போய் ரூமக் காலி பண்ணுன்னு எந்த வாயால சொல்றது?"

"நான் எங்க சொல்லச் சொன்னேன்? நெனச்சுப் பாத்தேன், அவ்வளவுதான்."

"நெனக்கவும் வேணாம். மூஞ்சில தெரிஞ்சிடும்."

உண்மையில் அந்த அறை இதற்கென்றே கட்டியதுபோல இருந்தது. அதற்குத் தெருப்பக்கம் தனியாக ஒரு கதவு உண்டு. எப்போதோ அதை டைப்ரைட்டிங் வகுப்புக்கு வாடகைக்கு விட்டிருந்தபோது வைத்த கதவு. இப்போது அதை மறைத்து உள்ளே பீரோ நின்றது. சாவி தொலைந்து எத்தனையோ காலம். வடக்குப் பார்த்த பெரிய ஜன்னல். முடியின் நிறத்தை ஒத்துப் பார்க்க அந்த வெளிச்சம்தான் சரி. டியூப்லைட்டில் கறுப்பாகத் தெரிவது வெயிலில் போனால் பழுப்பாகிவிடும். அவள் முன்னறைக்கு டீ கொண்டுபோகும்போதெல்லாம் ஜன்னலைப் பார்த்துப் பெருமூச்சு விடுவாள். உடனே பெரியப்பா கவனித்துவிட்டாரோ என்று பயந்து, "புழுக்கமா இருக்கு, இல்ல?" என்று எதையாவது சொல்லி வைப்பாள்.

கடைசியில் கொல்லைப்பக்கம் சுவரை ஒட்டி ஷீட் போட்டு ஒரு சின்ன இடம் தடுக்கலாம் என்று முடிவு செய்தார்கள். கார்பெண்டர் வந்தார். வேலையில் கெட்டிக்காரர், குரல்தான் ஊருக்கே கேட்கும். அளவு நாடாவை இழுத்துப் பார்த்தார். தலையைச் சொறிந்தார்.

"ஏம்மா, மழை வந்தா இங்க உக்காந்து பேச முடியுமா? ஷீட்டு மேல கொட்டுற சத்தத்துல உங்க சத்தமே உங்களுக்குக் கேக்காது. வெயிலுக்கு அடுப்பு மாதிரி இருக்கும். வர்றவங்களும் வீடு பூரா நடந்துதான வரணும்?"

"வேற எடம் இல்லங்க."

"முன்னாடி ரூம் இருக்கே! தனிக் கதவே இருக்கு. அந்தப் பெரியவர் ஒருத்தருதான, அவரப் பின்னாடி சாமான் ரூமுக்கு மாத்திட்டா முடிஞ்சுது!"

"ஐயோ, மெதுவா பேசுங்க!" என்று திரும்பினாள். சமையலறை வாசலில் காலி டம்ளரோடு பெரியப்பா நின்றுகொண்டிருந்தார்.

அவர் உள்ளே வந்தார். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார். சட்டை மாற்றிக்கொண்டு, குடையை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டிப் போய்விட்டார். போனைக் கட்டிலிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தார்.

மதியச் சாப்பாட்டுக்கு வரவில்லை. இத்தனை வருஷத்தில் அவர் சாப்பாட்டுக்கு வராமல் இருந்ததே இல்லை. முடியக்கா தெருவுக்கும் வீட்டுக்குமாக நடந்தாள். கணவருக்குப் போன் செய்தாள். காரோட்டப் பழகிக்கொண்டிருந்தவரை அப்படியே இறக்கிவிட்டு அவர் பயிற்சிக் காரிலேயே வந்து சேர்ந்தார்.

"என்ன சொன்ன அவர்கிட்ட?"

"நான் ஒரு வார்த்தை சொல்லலங்க. அந்தக் கார்பெண்டர்தான்..."

"யார் சொன்னா என்ன? நாம சொல்லிக் குடுத்துச் சொன்ன மாதிரிதான அண்ணனுக்கு இருந்திருக்கும்!"

அதேதான் அவளையும் அரித்துக்கொண்டிருந்தது. கணவர் நூலகத்தில் பார்த்தார், பூங்காவில் பார்த்தார், பெரியப்பாவோடு வேலை பார்த்த ஒருவரின் வீட்டில் போய்ப் பார்த்தார். எங்கும் இல்லை. மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, "பெரியப்பா எங்க?" என்று கேட்டதும் முடியக்காவுக்கு அழுகையே வந்துவிட்டது. 'ஒரு நாற்காலி போடுகிற இடத்துக்கு ஆசைப்பட்டு ஒரு மனுஷரை வெளியே அனுப்பிட்டேனே' என்று மனசு குத்தியது. இனி விக்கும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், ஏதாவது கடையில் சேல்ஸ் வேலைக்குப் போய்விடலாம் என்றுகூட நினைத்தாள்.

பொழுது சாய்கிற நேரத்தில் வாசலில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. பின்சீட்டிலிருந்து, குடையைக் கையில் பிடித்தபடி, பெரியப்பா இறங்கினார். ஓட்டி வந்தவர் கையில் ஒரு பழைய தோல் பை.

"எங்கண்ணே போயிட்ட?" என்று தம்பி கத்தியே விட்டார். வீட்டில் அவர் கத்தி அன்றைக்குத்தான் கேட்டார்கள்.

"இவரத் தேடித்தான். பூட்டுக்காரரு" என்றார் பெரியப்பா. "கடையில ஆளில்ல. வீட்டுக்குப் போனேன். மாமியார் வீட்டுக்குப் போயிருக்காருன்னாங்க. அங்க போனேன். அவங்க சாப்பிடாம விட மாட்டேன்னுட்டாங்க."

"ரெண்டாந்தடவ கேட்டுக் கேட்டுப் போட்டாங்க" என்றார் பூட்டுக்காரர், ஆற்றாமையோடு. "எனக்கே அப்படிப் போட்டதில்ல."

"பூட்டுக்காரர் எதுக்குண்ணே இப்ப?"

"அந்த வெளிக்கதவத் திறக்க வேணாமா? சாவி எங்க இருக்கு?"

முடியக்கா முன்னால் வந்தாள். "பெரியத்தான், சத்தியமா நான் அப்படிச் சொல்லல. அந்த ஆளு வாய்க்கு வந்தத உளறிட்டாரு. நீங்க மனசுல வெச்சுக்காதீங்க."

"உளறினாரா? அம்மா, இத்தன நாள் கழிச்சு ஒரு நல்ல வார்த்த என் காதுல விழுந்துச்சு. அவர் மனசு மாறுறதுக்குள்ள பூட்டத் திறந்துடணும்னுதான் ஓடினேன்."

எல்லோரும் அவரையே பார்த்தார்கள். பெரியப்பா நாற்காலியில் உட்கார்ந்தார். அதிகம் பேசாத மனிதர் அன்றைக்குப் பேசினார்.

"எதுத்தாப்புல பைக் மெக்கானிக் கடை வந்ததுலேர்ந்து எனக்குத் தூக்கமே இல்ல. விடியறதுக்கு முன்னாடியே ஒவ்வொரு வண்டியையும் உறும விட்டுப் பாக்கறான். தெரு விளக்கு நேரா மூஞ்சில அடிக்குது. பாத்ரூம் போகணும்னா வீட்டோட அந்தக் கோடிக்கு நடக்கணும். போற வழியில இவளோட தலைங்க எல்லாம் வரிசையா என்னையே பாக்குது. ஒரு நாள் தூக்கக் கலக்கத்துல ஒரு தலைகிட்ட 'சாரி'ன்னு வேற சொல்லிட்டேன்."

மகள் களுக்கென்று சிரித்தாள்.

"அந்தச் சாமான் ரூம் எவ்வளவு நல்ல ரூம்! பாத்ரூம் பக்கத்துல. சமையல்கட்டுல பேசுறது கேக்கும். டீ கொதிச்சா வாசன வரும். முன்னாடி ஒக்காந்து தெருவப் பாத்துக்கிட்டு இருக்கிறதுக்கு நான் என்ன வாட்ச்மேனா?"

"அப்ப ஏன்ணே ஒரு வார்த்த சொல்லல?"

"எப்படிச் சொல்றது? வெள்ளையடிச்சு, கட்டில் வாங்கிப் போட்டு, ரெண்டு பேரும் அவ்வளவு சந்தோஷமா நின்னீங்க. எனக்கு வேணாம்னு மூஞ்சிக்கு நேரா சொல்ல முடியுமா?" தம்பியைப் பார்த்து, "நீங்க ஏன் கேக்கல?" என்றார்.

தம்பி மனைவியைப் பார்த்தார். முதலில் சிரித்தது அவர்தான். பிறகு முடியக்கா, கண்ணில் நீர் நிற்கும்போதே சிரிக்க ஆரம்பித்து, கழுத்து வலியில் "அம்மா" என்று பிடித்துக்கொண்டு மறுபடி சிரித்தாள். ஆளுக்கு ஆள் மரியாதை பார்த்துக்கொண்டு, ஒருவருக்குப் பிடிக்காத அறையை இன்னொருவர் ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டு எத்தனை மாதம் ஓடியிருந்தது!

"கதவு எதுன்னு காட்டினா நான் வேலையப் பாப்பேன்" என்றார் பூட்டுக்காரர்.

பீரோவை நகர்த்தினார்கள். துருப்பிடித்த பூட்டு அவரையும் கொஞ்சம் வேர்க்க வைத்துவிட்டுத்தான் திறந்தது. கதவு கிறீச்சிட்டுக்கொண்டு தெருப்பக்கம் திறந்துகொண்டதும் சாயங்கால வெளிச்சமும் எதிர்க்கடை பைக் சத்தமும் ஒன்றாக உள்ளே வந்தன.

அதற்குப் பிறகு வேலை மளமளவென்று நடந்தது. சாமான் அறையிலிருந்த உடைந்த மின்விசிறி, பழைய டிரைவிங் ஸ்கூல் பலகைகள், யாருக்கும் வேண்டாத சைக்கிள் எல்லாம் வெளியே போயின. பெரியப்பா தன் கட்டிலைத் தானே ஒரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனார். அன்றிரவு அவர் குறட்டை விட்டதாக மகள் காலையில் பெருமையாக அறிவித்தாள்.

முன்னறையை முடியக்கா அவசரப்படாமல் அமைத்தாள். வருகிறவர்கள் வேறு வேறு கடைகளில் எங்கெங்கே கூசிப்போனார்கள் என்று அவளிடம் சொல்லியிருந்தார்கள். அதையெல்லாம் நினைவில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் செய்தாள். ஜன்னலின் கீழ்ப்பாதிக்கு மட்டும் பனி பூத்தது போன்ற காகிதம் ஒட்டினாள். வெளிச்சம் வரும், தெருவில் போகிறவர் கண் வராது. மரத் தலைகளைக் கதவு போட்ட அலமாரிக்குள் வைத்தாள். உள்ளே நுழைந்ததும் மொட்டைத் தலைகளா வரவேற்க வேண்டும்? ஆளுயரக் கண்ணாடியைச் சுவரில் நேராக மாட்டாமல், கீல் வைத்துக் கதவுபோல மூடித் திறக்கும்படி செய்யச் சொன்னாள்.

"கண்ணாடிய எதுக்கும்மா மூடணும்?" என்றார் கார்பெண்டர். இந்தத் தடவை மெதுவாகத்தான் கேட்டார்.

"துணிய அவுத்ததும் தன்னத் தானே பாக்கணும்னு எல்லாருக்கும் தோணாதுங்க. விக் வெச்ச பெறகு, அவங்களா தொறந்து பாத்துக்கட்டும்."

அவர் தலையாட்டினார். அந்தக் கீலை இரண்டு தடவை கழற்றி மாட்டி, சத்தமே வராமல் திறக்கும்படி செய்து கொடுத்தார். ஷீட் போடுகிற வேலை கைநழுவிப் போனதில் அவருக்கு வருத்தமிருந்ததாகத் தெரியவில்லை.

வருகிறவர்களுக்குக் கை வைத்த நாற்காலி, முதுகுக்கு ஒரு மெத்தை, காலுக்கு ஒரு முக்காலி. தனக்கு என்ன வாங்குவது என்பதில்தான் முடியக்கா குழம்பினாள். கடையில் உட்கார்ந்து பார்த்த எந்த நாற்காலியும் கழுத்துக்குச் சரிப்படவில்லை. அந்தக் கவலையைக் கணவர் தீர்த்தார். டிரைவிங் ஸ்கூலில் ஒரு பழைய காரை உடைக்கப் போட்டிருந்தார்கள். அதன் டிரைவர் சீட்டைக் கழற்றி, வெல்டரிடம் கொடுத்து நான்கு கால் வைத்துக் கொண்டுவந்து நிறுத்தினார்.

"இத விட நல்ல சீட்டு ஒலகத்துல கெடையாது. முன்ன தள்ளலாம், பின்ன தள்ளலாம், சாச்சுக்கலாம். எத்தன பேரு இதுல பயந்து நடுங்கியிருக்காங்க, நீயாவது நிம்மதியா ஒக்காரு."

"சீட் பெல்ட் எங்கங்க?" என்றாள் அவள்.

உட்கார்ந்து பார்த்தாள். மேசையைக் கார்பெண்டர் அந்த உயரத்துக்கு ஏற்ப உயர்த்தி வைத்திருந்ததால் மரத் தலை அவள் கண்ணுக்கு நேராக வந்தது. குனிய வேண்டியதில்லை. முதுகு முழுக்கச் சாய்ந்தது. அந்தச் சீட்டில் சாய்ந்தபோதுதான், இத்தனை மாதம் தோளை எவ்வளவு இறுக்கி வைத்திருந்தோம் என்று அவளுக்கே தெரிந்தது. எதிர்க்கடை பைக் உறுமியது. ஆச்சரியம், அது அவளுக்கு உதவியாகவே இருந்தது. அறைக்குள் பேசுகிற பேச்சு வெளியே யாருக்கும் கேட்காது.

புதிய அறைக்கு முதலில் வந்தவர் இரண்டு குழந்தைகளின் தாய். கணவர் கொண்டுவந்து விட்டுவிட்டு, வீட்டு வாசல் வழியாக ஹாலுக்குப் போனார். அந்தப் பெண் தெருக்கதவு வழியாக நேராக அறைக்குள் வந்தார். வழியில் ஒரு முகமும் இல்லை. கதவைச் சாத்தியதும், "இங்க வேற யாரும் வர மாட்டாங்களே?" என்று கேட்டார்.

"நீங்க திறந்தாத்தான் அந்தக் கதவு திறக்கும்" என்றாள் முடியக்கா. தாழ்ப்பாளை அவர் கையாலேயே போடச் சொன்னாள்.

அந்தப் பெண் தலைத்துணியை அவிழ்த்து மடித்து மடியில் வைத்துக்கொண்டார். முடியக்கா நாடாவை எடுத்தாள். நெற்றியிலிருந்து பிடரிக்கு, காதிலிருந்து காதுக்கு. பிறகு முடிக்கொத்துகளை ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, புருவத்தோடு ஒத்துப் பார்த்தாள். பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று பேச்சு போனது. சின்னவனுக்குக் கணக்கு வராதாம். பெரியவள் ஓயாமல் பேசுவாளாம். பேச்சு மெதுவானது. பதில் வரவில்லையே என்று முடியக்கா நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பெண் மெத்தையில் சாய்ந்து, முக்காலியில் காலை நீட்டி, தூங்கிப் போயிருந்தார்.

எழுப்பவில்லை. அளவு எடுத்தாகிவிட்டது, நிறமும் பார்த்தாகிவிட்டது. இனி அவசரமாக எதுவும் இல்லை. முடியக்கா ஹால் பக்கத்துக் கதவைச் சத்தமில்லாமல் திறந்து உள்ளே போனாள். அங்கே அந்தப் பெண்ணின் கணவர் பெரியப்பாவோடு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் பதறி எழுந்தார்.

"என்னக்கா, ஏதாவது பிரச்சினையா?"

"ஒண்ணுமில்ல. தூங்கறாங்க."

"தூங்கறாளா?" என்றார் அவர், நம்பாதவர் போல. பிறகு மெதுவாக உட்கார்ந்தார். "அவ பகல்ல தூங்கி ரொம்ப நாளாச்சு."

"தூங்கட்டும்" என்றாள் முடியக்கா. தனக்கும் ஒரு டம்ளர் டீ ஊற்றிக்கொண்டு, சர்க்கரை போட்டு, அவர்களோடு உட்கார்ந்தாள்.